ஸ்டாண்டு ஆடிட்டர்

ஆம்பூரில் எங்கள் டாக்சி ஸ்டாண்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஆடிட்டர் எங்கப்பா? ஏர்போர்ட் டிரிப்பு வந்திருக்கு" என்றுதான் கேட்பார்கள். நான் பி.காம். படித்தவன் என்பதால் வந்த பட்டம் அது. படித்தவன் என்றேன், முடித்தவன் என்று சொல்லவில்லை. ஒரு பேப்பர் அரியர் நின்றுவிட்டது. எந்தப் பேப்பர் என்று ஸ்டாண்டில் ஒருவரும் கேட்டதில்லை, நானும் வாயைத் திறந்ததில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்: வருமான வரிச் சட்டமும் நடைமுறையும்.

அரியர் வைத்தவனுக்கும் வருமான வரிக்கும் என்ன சம்பந்தம்? பல வருஷம் சம்பந்தமே இல்லாமல்தான் இருந்தேன். சொந்த வண்டி, மஞ்சள் போர்டு, பேங்க் டியூ, வருஷம் தவறாமல் வரும் இன்சூரன்ஸ், எஃப்.சி. செலவு. வருமானம் என்று ஒன்று தங்கினால்தானே வரி? அப்படியே காலம் ஓடியிருக்கும். ஒரு ஷூ கம்பெனி என் வண்டியை மாத வாடகைக்கு எடுத்தது. அங்கே பிடித்தது சனி.

வேலை நல்ல வேலை. சென்னை விமான நிலையத்தில் பையரை ஏற்றி ஆம்பூரில் இறக்க வேண்டும், மறுநாள் ராணிப்பேட்டை டேனரி, பேரணாம்பட்டு என்று சுற்ற வேண்டும், முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய்விட வேண்டும். மாதக் கடைசியில் பணம் பேங்கில் விழும். ஆனால் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு ஒரு ரூபாய் குறைந்தே விழுந்தது. அக்கவுண்ட்ஸில் யாரோ கமிஷன் அடிக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஸ்டாண்டிலும் சொல்லி வைத்தேன். பிறகு, பக்குவமாகக் கேட்பதுபோல, அந்தக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பாயிடம் போய் நின்றேன். வயதான மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, அது டி.டி.எஸ். 194சி-ன்னு ஒரு செக்ஷன். ஆள் ஏத்துற கான்ட்ராக்டா இருந்தாலும் பிடிக்கணும். வருஷத்துல லட்சம் ரூபாய் தாண்டுதுல்ல? உன் பான் நம்பர் குடுத்திருக்கே, அதனால ஒரு பர்சென்ட்டோட போச்சு. இல்லேன்னா இருபது பிடிச்சிருப்பேன். அந்தக் காசு கவர்ன்மென்ட்டுல உன் பேர்லதான் இருக்கு. ரிட்டர்ன் போடு, திரும்பி வரும்."

கமிஷன் கதையை ஸ்டாண்டில் திரும்பப் பெற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

வேலூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் விசாரித்தேன். ஆயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். வேறு எந்த டிரைவராக இருந்தாலும் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். நான் பி.காம். அல்லவா? "நானே போட்டுக்கறேன்" என்று படி இறங்கினேன். அந்த ஆயிரத்து ஐந்நூறை மிச்சம் பிடிக்கப் போய் நான் இழந்தவற்றைத்தான் இனி வரிசை தப்பாமல் சொல்லப் போகிறேன். வரிசை தப்பினாலும் பெரிய நஷ்டமில்லை. எல்லாம் ஒரே தரம்தான்.

முதலில் பில்கள். வியாபாரக் கணக்கு என்றால் ரசீது வேண்டும் என்பது கல்லூரியில் என் மண்டையில் ஏறிய ஒரே பாடம். டீசல் பில், பஞ்சர் பில், வாட்டர் வாஷ் பில், பள்ளிகொண்டாவில் குடித்த டீ பில் உட்பட எல்லாவற்றையும் டாஷ்போர்டு பெட்டிக்குள் திணித்து வைத்தேன். வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வரிக் கணக்கு போட உட்கார்ந்த நாளில் பெட்டியைத் திறந்தால் எல்லாம் வெள்ளைத் தாள். இந்த பங்க் பில்கள் சூடு பட்டால் எழுத்து மறைகிற காகிதம் என்பது அப்போதுதான் தெரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து, ஒரு பில்லில் 'நன்றி, மீண்டும் வருக' என்பதை மட்டும் படிக்க முடிந்தது. ஃபாஸ்டாக் மட்டும் என்னைக் கைவிடவில்லை. வாலாஜா, பள்ளிகொண்டா, வாணியம்பாடி என்று எந்த டோல்கேட்டை எந்த நிமிஷம் தாண்டினேன் என்று அது எழுதி வைத்திருந்தது. என் மனைவியிடம் சொல்லாத ஒரு திருப்பதி டிரிப்பும் அதில் இருந்தது. அது வேறு கதை.

இத்தனை அழுதபிறகு பாய் சொன்னார்: "உனக்கு பில்லே வேணாமேப்பா." சிறு வியாபாரிகளுக்கென்று 44ஏடி என்று ஒரு பிரிவு இருக்கிறது. மொத்த வரவில் ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம், பேங்க் வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டால் போதும். டீசலுக்கு எவ்வளவு, டயருக்கு எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள், தனியாகக் கழிக்கவும் முடியாது. படிவத்துக்குப் பெயரே 'சுகம்'. ஐ.டி.ஆர்.-4. அந்தப் பெயரை வைத்தவர் என் டாஷ்போர்டு பெட்டியைப் பார்த்ததில்லை.

பாய் சொன்னதை அப்படியே செய்திருந்தால் நான் ஆடிட்டர் ஆகியிருக்க மாட்டேன். அதே படிவத்தில் 44ஏடி-க்குக் கொஞ்சம் கீழே 44ஏஈ என்று இன்னொன்று இருந்தது. வண்டி வைத்துப் பிழைப்பவர்களுக்கு, ஒரு வண்டிக்கு மாசம் 7,500 ரூபாய், கணக்கு முடிந்தது. 'பாய்க்கு இது தெரியவில்லை பார், அவர் தோல் கணக்கு மட்டும் பார்த்தவர்' என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். பன்னிரண்டால் பெருக்கி 90,000 என்று போட்டு அனுப்பிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் ஸ்டாண்டில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன், கத்தரிக்காய் கூடுதலாக. சாப்பிட்டவர்களில் இரண்டு பேர் என்னைப் பார்த்து அவர்களும் அப்படியே போட்டார்கள்.

பாயிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடி மறுபடி நெற்றிக்குப் போயிற்று.

"கூட்ஸ் கேரேஜ்னு போட்டிருக்கு, படிச்சியா?"

"படிச்சேன் பாய்."

"போன வாரம் ஏர்போர்ட்ல இருந்து கூட்டிக்கிட்டு வந்தியே ஒரு இத்தாலிக்காரர், அவர் கூட்ஸா?"

44ஏஈ சரக்கு வண்டிகளுக்கு மட்டும்தான். லாரிக்காரர்களுக்கு உரியது. நல்லவேளை, டிசம்பர் 31 வரை திருத்திய ரிட்டர்ன் போட வழி இருந்தது. பிரியாணி சாப்பிட்ட இரண்டு பேருக்கும் நானே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். அதற்கு அவர்கள் என்னிடம் மறுபடி பிரியாணி கேட்டது நியாயம்தான்.

44ஏடி-க்கு வந்தபிறகாவது அடங்கினேனா? எட்டா, ஆறா என்று பிரிக்கவேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கள் பிழைப்பு இரண்டு திசை. ஆம்பூர் பக்கம் தோல், ஷூ, பேங்க் பணம், ஆகவே ஆறு. காட்பாடி ஜங்ஷன் பக்கம் போனால் சி.எம்.சி.க்கு வருகிறவர்கள். ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். "கோத்தாய் ஜாபேன்" என்று கேட்கத் தெரியாத டிரைவருக்கு அங்கே சவாரி கிடைப்பது கஷ்டம். அவர்கள் வைத்தியத்துக்கென்று இடுப்பில் முடிந்து கொண்டுவந்த ரொக்கத்திலிருந்து கொடுப்பார்கள். ஆகவே எட்டு. இப்படி ரயிலடியில் எட்டு, ஷூ கம்பெனியில் ஆறு என்று நான் அழகாக வகுத்து வைத்திருந்தேன். ஆனால் காட்பாடியிலும் எல்லோரும் போனை நீட்டி ஸ்கேன் செய்யத் தொடங்கிவிட்டார்கள். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த கியூ.ஆர். யாருடையது? என் மனைவியுடையது. என் கையில் காசு தங்காது என்று அவளே கொண்டுவந்து ஒட்டியது. பேங்க் கணக்கின்படி பார்த்தால் காட்பாடியில் டாக்சி ஓட்டியது அவள்தான். இதை அவளிடம் சொன்னேன். "அப்ப வீட்ல சமைச்சது யாருங்க?" என்றாள். அந்த ஸ்டிக்கரைப் பிய்த்து என் கணக்கை ஒட்டுவதற்கு நான் பட்ட பாடு வருமான வரித்துறையிடம்கூடப் படவில்லை.

எட்டும் ஆறும் முடிந்தது என்று மூச்சு விட்டால், படிவத்தின் அடியில் இன்னொரு பெட்டி. மார்ச் 31 அன்று கையிருப்பு ரொக்கம் எவ்வளவு, சரக்கு இருப்பு எவ்வளவு, உங்களுக்கு வரவேண்டிய கடன், நீங்கள் தரவேண்டிய கடன். கடைக்காரர்களை மனத்தில் வைத்து எழுதிய கேள்விகள். விட்டுவிட்டால் படிவம் நகராது. பூஜ்யம் போட்டுவிட்டுப் போகலாம் என்று பிறகு தெரிந்தது. ஆனால் பி.காம். இரத்தம் சும்மா இருக்குமா? இறங்கி டிக்கியைத் திறந்து ஸ்டாக் எடுத்தேன். ஸ்டெப்னி டயர், ஜாக்கி, பாதி கேன் கூலன்ட், பிரித்தும் பிரிக்காமலும் இரண்டு வாசனை டப்பா, ஒரு பையர் விட்டுப்போன குடை. குடையைச் சரக்கில் சேர்ப்பதா, பிறர் சொத்து என்று தள்ளுவதா என்பதில் ஒரு சாயங்காலம் போயிற்று. ஸ்டெப்னி வழுக்கை. அதற்குத் தேய்மானம் போகவேண்டும். ஆனால் 44ஏடி-யில் தேய்மானம் தனியாகக் கிடையாதே! சட்டமும் டயரும் முட்டிக்கொண்ட அந்த இடத்தில் நான் 3,500 என்று போட்டேன். ஏன் 3,500 என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வரவேண்டிய கடன் அதைவிட மோசம். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அனுப்புகிறேன் என்று காட்பாடியில் ரயில் ஏறியவர், ஹௌரா போய்ச் சேரவே இல்லையோ என்று நினைக்கும்படி மறைந்துவிட்டார். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று நாள் வண்டி ஓடியது. அந்தத் தம்பதிக்குக் குழந்தையும் பிறந்துவிட்டது, வாடகை வரவில்லை. மாநாட்டுக்கு வண்டி எடுத்த கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் இப்போது அந்தக் கட்சியில் இல்லை. இதையெல்லாம் 'வரவேண்டியது' என்று அரசாங்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சொன்னால் பொய்யுரை ஆகாதா? தரவேண்டிய கடனில் டயர் கடை, மெக்கானிக் என்று எழுதிக்கொண்டு வந்தவன் மனைவியின் வளையலில் நின்றேன். வளையல் அடகில் இருந்தது. எனக்குக் கடன் கொடுத்தது அடகுக்கடையா, அவளா? கேட்டேன்.

"ரெண்டு இடத்துலயும் என் பேரையே போடுங்க. குடுத்ததும் நான்தான், வரவேண்டியதும் எனக்குத்தான்" என்றாள். அவள் பத்தாவது வரை படித்தவள். கணக்கில் அரியர் கிடையாது.

அடுத்த வருஷம், 2023-ல், தவறே இல்லாமல் போட்டேன். நம்புங்கள். பெயர், பான், எட்டு, ஆறு, எல்லாம் சரி. அனுப்பியதும் சரிபார்ப்புக்கு ஓ.டி.பி. கேட்டது. ஆதாரில் இருந்தது என் பழைய சிம் எண். தொலைந்துபோய், வேறு யாருக்கோ கம்பெனி கொடுத்துவிட்ட எண். 'பிறகு சரிபார்க்கிறேன்' என்று ஒரு பொத்தான் இருந்தது, அதைத் தொட்டேன். தொட்டதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். முன்பு 120 நாள் இருந்த அவகாசத்தை 2022 ஆகஸ்டிலேயே 30 நாளாகக் குறைத்துவிட்டார்கள். சரிபார்க்காத ரிட்டர்ன் போடாத ரிட்டர்ன்தான். ரீஃபண்டு வரும் வரும் என்று பேங்க் மெசேஜைப் பார்த்துக்கொண்டே இருந்து, பொங்கல் கழித்து பாயிடம் போனேன். டிசம்பர் 31 தாண்டிவிட்டது. அதற்குமேல் போடும் 'அப்டேட்டட்' ரிட்டர்னில் வரி கட்டலாம், ரீஃபண்டு கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம் என்றார் பாய். காரணம் என்று இருந்த கட்டத்தில் என்ன எழுதுவது? பொத்தானைத் தொட்டேன் என்றா? பிடித்திருந்தது ரூ. 4,800 டி.டி.எஸ். போனது போனதுதான். ஆடிட்டர் கேட்டது ஆயிரத்து ஐந்நூறு என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்.

என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. பானையும் ஆதாரையும் இணைக்கச் சொன்ன காலத்தில், கடைசித் தேதியை அரசாங்கம் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே வந்தது. "அவசரப்படாதீங்க, எக்ஸ்டெண்ட் பண்ணுவாங்க" என்று ஸ்டாண்டில் பொதுத் தீர்ப்பு வழங்கினேன். 2022 மார்ச் 31-ஓடு இலவசம் முடிந்தது. மூன்று மாதம் 500 ரூபாய், அதன்பின் 1,000. என் பேச்சைக் கேட்டவர்கள் ஆளுக்கு ஆயிரம் கட்டினார்கள். அதிலும் எங்கள் ஸ்டாண்டின் மூத்த டிரைவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், பணம் கட்டியும் இணையவில்லை. ஆதாரில் இனிஷியலோடு பெயர், பானில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் பின்னால். தமிழ்நாட்டில் பாதிப் பேர் இந்தக் குழியில் விழுந்தவர்கள்தான். "ஆடிட்டர், இது யாரு?" என்று பான் அட்டையில் தன் அப்பா பெயரைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். கடைசியில் ஓர் இ-சேவை மையத்துப் பெண் பத்து நிமிஷத்தில் பெயர்த் திருத்தத்துக்குப் பதிந்து கொடுத்தது. அந்தப் பெண் பி.ஏ. தமிழ்.

2024-ல் ஒழுங்காகப் போட்டு, ஆதாரில் எண்ணையும் மாற்றி, சரிபார்த்தும் விட்டேன். ஒரு ராத்திரி மெயில் வந்தது: 143(1)-ன் கீழ் அறிவிப்பு. எனக்குத் தெரிந்தது 144 ஒன்றுதான், அது வந்தால் ஊரே அடங்கும். அதற்கு ஒரு நம்பர் கீழே என்றால் வீட்டுக்குள் மட்டும் அடங்கச் சொல்கிறார்களோ? திறக்கப் போனால் பாஸ்வேர்டு: சிறிய எழுத்தில் பான், கூடவே பிறந்த தேதி. நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்று அம்மா சொல்வாள். அதைக் கணக்குப் பண்ணிப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை. பள்ளியில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர் எனக்கு ஒரு ஜூன் மாதத்தைக் கொடுத்திருந்தார் என்பது விடியற்காலைதான் நினைவுக்கு வந்தது. திறந்தால், நீங்கள் காட்டிய கணக்கும் எங்கள் கணக்கும் ஒன்றே என்று இருந்தது. பள்ளிக்கூட நாள் முதல் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தத் தெம்பில்தான் புது வண்டிக்கு லோன் கேட்கப் போனேன். ஏழு சீட்டு வண்டி. பையர்கள் இரண்டு மூன்று பேராக வருகிறார்கள், பெட்டியும் பெரிசு பெரிசு. பேங்கில் மூன்று வருஷ ஐ.டி. ரிட்டர்ன் கேட்டார்கள். நடுவில் ஒரு வருஷத்தைக் காணோமே என்றார் மேனேஜர். தலையைச் சொறிந்தேன். இருக்கிற இரண்டையும் புரட்டினார். வரவு 7,20,000. அதில் பேங்க் வழி 4,80,000-க்கு ஆறு, மீதி 2,40,000-க்கு எட்டு. ஆக வருமானம் 48,000. சட்டம் கேட்கிற குறைந்தபட்சத்தை ஒரு ரூபாய் கூடாமல் காட்டியிருந்தேன். அதில் எனக்கு உள்ளுக்குள் தனிப் பெருமை. வருமான வரிக்காரனுக்கே தண்ணி காட்டியவன் அல்லவா?

"உங்க கணக்குப்படி மாசம் நாலாயிரம் சம்பாதிக்கிறீங்க. ஓடுற வண்டிக்கே மாசம் பதினோராயிரம் டியூ கட்டிக்கிட்டு வரீங்க, ஒரு மாசம்கூடத் தப்பல. எப்படி சார்?"

"அது வந்து சார், கையில நிக்கறது இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் வரும்…"

"அதை இங்க எழுதலையே?"

லோன் இல்லை என்று அவர் சொல்லவில்லை. இரண்டு வருஷம் சரியாகக் காட்டிவிட்டு வாருங்கள் என்றார். நேராக பாயிடம் போனேன். எட்டும் ஆறும் குறைந்தபட்சம்தான், அதற்குமேல் நிஜமாக நின்றால் நிஜத்தைத்தான் காட்டவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். சரி, மூன்று லட்சம் என்று உண்மையைக் காட்டியிருந்தால் எவ்வளவு வரி வந்திருக்கும் என்று கேட்டேன். பாய் கால்குலேட்டரைத் தொடவே இல்லை.

"ஒண்ணும் வராது. புது முறையில மூணு லட்சம் வரைக்கும் வரியே கிடையாது. அதுக்கு மேலயும் ஏழு லட்சம் வரைக்கும் தள்ளுபடி."

"அப்ப நான் எதுக்குப் பாய் மறைச்சேன்?"

"அதைத்தான்பா நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

திருந்தினேன். 2025-ல் உண்மையான கணக்கு, நோட்டுப் போட்டு, தேதி போட்டு. ஜூலை 31-க்குள் முடிக்க வேண்டும் என்று மே மாதமே உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை எக்ஸ்டெண்ட் பண்ண மாட்டார்கள் என்று ஸ்டாண்டிலும் எச்சரித்தேன். மே 27 அன்று செப்டம்பர் 15 வரை தள்ளிவைத்துவிட்டார்கள். நோட்டை மூடினேன். ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது, ஷூ கம்பெனிகளில் ஆர்டர் பேச்சு மாறியது, பையர் வரத்து குறைந்தது, மனசு அந்தப் பக்கம் போய்விட்டது. செப்டம்பர் 15 ராத்திரி போர்ட்டல் சுற்றிச் சுற்றி நிற்க, இன்னும் ஒரு நாள் என்று அறிவித்தார்கள். 16-ஆம் தேதி, காட்பாடி ஸ்டேஷன் வாசலில் சவாரிக்குக் காத்திருந்தபடி போனிலேயே அனுப்பினேன். ஓ.டி.பி. உடனே வந்தது. பயணியும் உடனே வந்தார். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் கவனித்ததில் அவரை வேலப்பாடிக்குப் பதில் பாகாயம் கொண்டுபோய்விட்டேன்.

இப்போது புதுச் செய்தி. 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம். நிதியாண்டு வேறு, மதிப்பீட்டு ஆண்டு வேறு என்று ஸ்டாண்டில் ஒவ்வொருவருக்கும் நான் தொண்டை வற்றச் சொல்லிக் கொடுத்தது அதில் இல்லை. 'வரி ஆண்டு' என்று ஒன்றே ஒன்றுதான். 44ஏடி, 44ஏஈ எல்லாம் போய் 58-ஆம் பிரிவு ஆகிவிட்டது. 194சி கூட 393-க்குள் போய்விட்டது. பாய் எழுதிக் கொடுத்த சீட்டை மாமாவிடம் காட்டினேன்.

"அப்ப நீ கத்துக்கிட்டது அவ்வளவும் வேஸ்ட்டா?" என்றார்.

"இல்ல மாமா, 2026 மார்ச் வரைக்கும் சம்பாதிச்சதுக்குப் பழைய சட்டம்தான். ஒரு சீசன் பாக்கி இருக்கு."

மாமா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவாக, "அந்த வேலூர் ஆடிட்டர் இப்ப எவ்வளவு வாங்கறாரு?" என்றார்.